உன் வீட்டில் என் நகல், என் வீட்டில் உன் நகல்

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ரைன் நதியோரம் இருக்கும் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் நள்ளிரவு தாண்டியதும் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கின என்று நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பேக்கப் வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் மீண்டும் கடை விரித்தார்கள். பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியும் எல்லாவற்றையும் இழந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய அசலும் நகலும் ஒரே வளாகத்தில் இருந்ததுதான் காரணம். அப்படி ஒரு வாடிக்கையாளருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி, லில் நகர வணிக நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தால் பணத்தைத்தான் வாங்கித் தர முடிந்தது.

அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்தது, நம் வீடுகளில் நடக்காமல் இருக்குமா? லேப்டாப் மேசையில் இருக்கும். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, மேசையும் இழுப்பறையும் சேர்ந்தேதான் மூழ்கின. திருடன் வந்தாலும் இரண்டையும்தான் எடுத்துக்கொண்டு போவான். பீரோவில் வைத்துப் பூட்டுவதால் தீர்கிற சிக்கல் இல்லை இது. நகல் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். முடிந்தால் வேறு ஊரில்.

கிளவுட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் அது வாடகை வீடு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. ‘எவ்வளவு போட்டோ வேண்டுமானாலும் போடுங்கள்’ என்றிருந்த சலுகையை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண வீடியோ, குழந்தைகளின் பத்து வருடப் படங்கள், அப்பாவின் குரல் பதிவு என்று எல்லாம் சேர்ந்தால் இன்றைய குடும்பம் ஒன்றுக்கு அரை டி.பி. சாதாரணமாக வந்துவிடும். மாதா மாதம், ஆயுள் முழுக்க வாடகை கட்ட வேண்டும். கட்ட முடிகிறவர்கள் கட்டலாம். முடியாதவர்களுக்கும், தங்கள் வீட்டுப் படங்களைத் தங்களுக்குத் தெரிந்தவர்கள் கையில் வைக்க விரும்புகிறவர்களுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் டிஸ்க்கில் காலியாக இருக்கும் இடத்தை எனக்குத் தாருங்கள். என் டிஸ்க்கில் காலியாக இருக்கும் இடத்தை உங்களுக்குத் தருகிறேன். இருபது வருடங்களுக்கும் மேலாகக் கணினி ஆராய்ச்சியாளர்கள் இழைத்து இழைத்துச் சீராக்கிய யோசனை இது. அதன் கதையை இங்கே சொல்லக் காரணம், இது நம் வீடுகளுக்கும் நம் நூலகங்களுக்கும் இன்று மிகவும் தேவைப்படுகிறது என்று நான் நம்புவதுதான்.

பாதி காலி

1998இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் ஓர் ஆய்வு நடந்தது. ஜான் டூசர், வில்லியம் பொலோஸ்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நிறுவன ஊழியர்களின் 4,801 கணினிகளில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். 14 கோடி கோப்புகள். எல்லாம் சேர்ந்து 10.5 டி.பி. (இன்று கடையில் வாங்கும் ஒற்றை ஹார்டு டிஸ்க் அதைவிடப் பெரிது.) அவர்களுடைய கண்ணில் பட்டது வேறொன்று. சராசரியாக ஒவ்வொரு டிஸ்க்கும் பாதிதான் நிரம்பியிருந்தது. நிரல் எழுதுபவர், மேலாளர், அலுவலகப் பணியாளர் என்று யாருடைய கணினியை எடுத்தாலும் இதே நிலைதான்.

அந்தப் பாதி டிஸ்க் காசு கொடுத்து வாங்கியது, மின்சாரம் தின்றுகொண்டு சுழல்வது, யாருக்கும் பயன்படாமல் கிடப்பது. அதைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்ற கேள்வி, அடுத்த நான்கைந்து வருடங்களில் பல ஆய்வுக்கூடங்களில் ஒரே சமயத்தில் எழுந்தது. பெர்க்லியில் ‘ஓஷன்ஸ்டோர்’, எம்ஐடியில் ‘பி-ஸ்டோர்’, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ‘பாஸ்டீஷ்’, மைக்ரோசாஃப்ட்டிலேயே ‘ஃபார்சைட்’. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். என் கோப்பை யாரும் படிக்க முடியாதபடி என் கணினியிலேயே பூட்டுவேன். பூட்டியதைத் துண்டுகளாக்கிப் பலர் வீட்டு டிஸ்க்கில் வைப்பேன். என் டிஸ்க் செத்துப்போகும் நாளில் அந்தத் துண்டுகளைத் திரும்ப வரவழைத்துச் சேர்ப்பேன்.

துண்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் கரண்ட் இல்லை, இன்னொரு வீட்டில் கம்ப்யூட்டரையே விற்றுவிட்டார்கள் என்றால்? இதற்கான விடையை 1960இலேயே இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். அதன் மிக எளிய வடிவத்தைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். நான் காப்பாற்ற வேண்டிய எண்கள் 7, 5 என்று வையுங்கள். முதல் நண்பரிடம் 7, இரண்டாமவரிடம் 5, மூன்றாமவரிடம் இரண்டின் கூட்டல் 12. இப்போது மூவரில் எவர் காணாமல் போனாலும் கவலை இல்லை. 7 போய்விட்டதா? 12இல் 5ஐக் கழித்தால் வந்துவிடும். மூன்று முழு நகல் வைக்கவில்லை. ஒன்றரை மடங்கு இடம்தான் செலவு. ரீட்–சாலமன் முறை இதையே எத்தனை துண்டுகளுக்கும் விரித்துத் தருகிறது. டீக்கடையில் பணம் அனுப்ப ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு அட்டை ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் போன் அதைப் படித்துவிடுகிறதே, அதற்குள் வேலை செய்வதும் இதே கணக்குதான்.

‘தாஹோ’ என்ற இலவச மென்பொருளில் வழக்கமான அமைப்பு, பத்துத் துண்டுகளில் எந்த மூன்று கிடைத்தாலும் போதும் என்பது. ஸூகோ வில்காக்ஸும் பிரையன் வார்னரும் 2007 வாக்கில் உருவாக்கியது அது. ஒரு நண்பரின் டிஸ்க் நமக்குத் தேவையான நாளில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரிடம் மூன்று முழு நகல் கொடுத்தால், மூன்றும் ஒருசேரப் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஏறக்குறைய அதே அளவு இடத்தைச் செலவிட்டு, பத்தில் மூன்று என்ற முறையில் பிரித்து வைத்தால், மீட்க முடியாமல் போகும் வாய்ப்பு சுமார் 27 லட்சத்தில் ஒன்று. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எவருக்கும் நம்பிக்கை வராது. திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால், இந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒருவர் டிஸ்க் போவதற்கும் இன்னொருவர் டிஸ்க் போவதற்கும் தொடர்பில்லை என்பதே அது. பத்து நண்பர்களும் வேளச்சேரியில் ஒரே தெருவில் இருந்தால், 27 லட்சம் என்பது வெறும் எண். ஒரு மழைக்குப் பத்தும் போய்விடும்.

கணக்குச் சரி, ஆட்கள்?

கணிதம் இவ்வளவு துணை நின்றும் இந்த யோசனை ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? ஆட்களிடம்தான் சிக்கல். தெரிந்தவர்களுக்குள் சீட்டுப் பிடித்தால் தலைமுறை தலைமுறையாக ஓடும். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்தால் முதல் சீட்டை எடுத்தவன் அடுத்த மாதம் ஊரில் இருக்க மாட்டான். டிஸ்க் இடத்திலும் அதேதான் நடந்தது. என் 50 ஜி.பி.யை ஊரார் டிஸ்க்கில் போட்டுவிட்டு, என் டிஸ்க்கில் அவர்கள் வைத்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிடலாம். யாருக்கும் தெரியாது, தெரியவரும் நாள், அவர்களுக்கு அது தேவைப்படும் நாளாகத்தான் இருக்கும்.

இதைத் தடுக்க ஆராய்ச்சியாளர்கள் செய்த முயற்சிகள் மிக அழகானவை. நீ வைத்திருப்பதாகச் சொல்லும் துண்டில் இன்ன இடத்தில் என்ன இருக்கிறது, சொல் என்று எதிர்பாராத நேரத்தில் கேட்பது ஒரு வழி. சொல்லத் தெரியாவிட்டால் அவனிடம் அது இல்லை. மிச்சிகனில் லாண்டன் காக்ஸ், பிரையன் நோபிள் இருவரும் 2003இல் ‘சம்சாரா’ என்று பெயரிட்ட ஏற்பாட்டை வெளியிட்டார்கள். உன் 1 ஜி.பி.யை நான் வைத்துக்கொண்டால், பதிலுக்கு நான் தரும் 1 ஜி.பி. வெற்று எண்களை நீ உன் டிஸ்க்கில் சுமக்க வேண்டும். அதாவது, இடம் கொடுக்காமல் இடம் வாங்கவே முடியாது. சொன்னபடி நடக்காதவனுடைய துண்டுகளை மற்றவர்கள் ஒரேயடியாக அழித்துவிடுவதில்லை. ஒவ்வொரு சோதனையில் தவறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, குலுக்கல் முறையில் கைவிடுவார்கள். உண்மையிலேயே கம்ப்யூட்டர் பழுதாகி நான்கு நாள் வராதவன் தப்பித்துக்கொள்வான். ஏமாற்றுகிறவன் கடைசியில் எல்லாவற்றையும் இழப்பான். தண்டனையிலும் இந்த அளவு இரக்கம் வைத்து வடிவமைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதைவிடப் பெரிய இடையூறு, அந்தக் காலத்து இணைய வேகம். சார்ல்ஸ் பிளேக், ரோட்ரிகோ ரோட்ரிகஸ் என்ற எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2003இல் ஒரு சிறிய கட்டுரையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் வருவதும் போவதுமாக இருக்கும் கூட்டத்தில், ஒருவர் விலகும்போதெல்லாம் அவரிடம் இருந்த துண்டுகளைப் புதிதாகச் செய்து இன்னொருவரிடம் வைக்க வேண்டும். டிஸ்க்கில் இடம் இருந்தாலும், அந்த ஓயாத இடமாற்றத்தை வீட்டு இணைப்பு தாங்காது. 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் மேலேற்றும் பழைய பிராட்பேண்டில் 10 ஜி.பி. அனுப்ப மூன்றரை நாள் ஆகும். அதற்குள் இன்னும் நான்கு பேர் விலகியிருப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு நிறுவனங்கள் இதை மக்களிடம் கொண்டுபோயின. ஒன்று சுவிட்சர்லாந்தின் ‘வுவாலா’. சூரிக் நகரத்து ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் டொமினிக் க்ரோலிமுண்டும் லூஸியஸ் மைஸரும் தொடங்கி, 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் டிஸ்க்கில் 100 ஜி.பி. ஒதுக்கி, நாளில் 70 சதவீத நேரம் கம்ப்யூட்டரை இணைப்பில் வைத்திருந்தால், உங்களுக்கு 70 ஜி.பி. இடம். குறைந்தது தினம் நான்கு மணி நேரமாவது இணைப்பில் இருந்தாக வேண்டும். நேர்மையான கொடுக்கல் வாங்கல். 2009இல் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் லாஸி நிறுவனத்தின் கைக்குப் போனது. 2011இல் இடப்பரிமாற்றத்தை நிறுத்தி, தங்கள் சொந்த சர்வருக்கே மாறினார்கள். 2015 நவம்பர் 15 அன்று கடையே மூடப்பட்டது.

இன்னொன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக் ‘கிராஷ்பிளான்’. 2007இல் வந்த இதன் அணுகுமுறை இன்னும் எளிமை. ஊரார் யாரும் வேண்டாம், உன் நண்பனின் கம்ப்யூட்டருக்கே பேக்கப் எடு என்றது. பின்னாளில் அதற்குக் காசும் வாங்கவில்லை. முதல் பேக்கப்பை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடுத்தடுத்த மாற்றங்கள் மட்டும் இணையத்தில் போகும். உலகெங்கும் எத்தனையோ அண்ணன் தம்பிகள், கல்லூரித் தோழர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 2017 ஆகஸ்டில், வீட்டு வாடிக்கையாளர்களுக்கான சேவையையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2018 அக்டோபரில் அது முடிந்தது. நட்பு அப்படியேதான் இருந்தது. நடுவில் நின்ற நிறுவனம்தான் விலகியது.

பிறகு வந்தது கிரிப்டோ அலை. ‘ஃபைல்காயின்’ 2017இல் சுமார் 25 கோடி டாலர் திரட்டி, 2020 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்தது. காலியாக இருக்கும் டிஸ்க்கை வாடகைக்கு விட்டுக் காசு பாருங்கள் என்பது கவர்ச்சியான அழைப்பு. ஆனால், அதில் இடம் விற்பவராகச் சேர வேண்டுமென்றால் 128 ஜி.பி. ராம் உள்ள கணினி வேண்டும். எந்த வீட்டில் இருக்கிறது? தொழிலாக நடத்துகிறவர்களுக்கு உரியது அது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருடன் பகிர்ந்துகொள்வது என்ற தொடக்க எண்ணம் அதில் இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

நூலகங்கள் காட்டிய வழி

இந்த யோசனை உண்மையாகவே வேரூன்றிய இடம் ஒன்று உண்டு. 1999இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விக்கி ரீச் என்ற நூலகரும் டேவிட் ரோசென்தால் என்ற பொறியாளரும் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டம். ‘நிறைய நகல்கள் இருந்தால் பொருள் பத்திரம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

காகித இதழ் காலத்தில் ஒரு நூலகம் சந்தா கட்டினால் இதழ் அதன் அலமாரிக்கு வந்துவிடும். பதிப்பகம் மூடிப்போனாலும் இதழ் அங்கேயே இருக்கும். ஒரு நூலகம் எரிந்தாலும் நூறு நூலகங்களில் அதே இதழ் இருக்கும். மின்னிதழ் வந்ததும் இந்தப் பாதுகாப்பு கைநழுவியது. நூலகம் வாங்குவது பார்க்கும் உரிமை மட்டுமே. பொருள் பதிப்பகத்தின் சர்வரில். அந்த சர்வர் போனால் எல்லோருக்கும் போயிற்று. ரீச்சும் ரோசென்தாலும் பழைய அலமாரியையே டிஸ்க்கில் திரும்பக் கட்டினார்கள். ஒவ்வொரு நூலகமும் ஒரு சாதாரணக் கணினியில் தான் சந்தா கட்டிய மின்னிதழ்களைச் சேர்த்து வைக்கும். அந்தக் கணினிகள் தங்களுக்குள் அவ்வப்போது வாக்கெடுப்பு நடத்தும். இந்தக் கட்டுரை உன்னிடம் எப்படி இருக்கிறது என்று ஒன்று கேட்கும். கேட்கும்போதே புதிதாக ஓர் எண்ணையும் கொடுக்கும். அந்த எண்ணோடு கட்டுரை முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மட்டுமே பதில் வரும். பழைய பதிலை எடுத்து ஒப்பிக்க முடியாது. பெரும்பான்மையோடு என் விடை ஒத்துப்போகவில்லையென்றால் என் நகலில் எங்கோ பிழை. மற்றவரிடமிருந்து சரியான நகலை வாங்கித் திருத்திக்கொள்வேன். அப்போதும், ஒரு காலத்தில் அந்தக் கட்டுரை என்னிடம் சரியாக இருந்தது என்று முந்தைய வாக்கெடுப்பு ஒன்றில் நிரூபித்திருந்தால்தான் தருவார்கள். புதிதாக வந்து ஓசியில் இதழ் வாங்கிப் போக முடியாது என்பதால், பதிப்பகங்களுக்கும் ஆட்சேபம் இல்லாமல் போயிற்று.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, எல்லாம் வேண்டுமென்றே மெதுவாக நடப்பது. அடிக்கடி வாக்கெடுப்பு நடத்த முடியாதபடி கட்டிப்போட்டிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு உள்ளே நுழைபவன் எவ்வளவு வலிமையான கணினி வைத்திருந்தாலும், ஒரு கட்டுரையை எல்லா இடத்திலும் மாற்றி எழுத அவனுக்கு வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் பிடிபட்டுவிடுவான். இந்த வடிவமைப்பை விளக்கிய கட்டுரை 2003இல் கணினித் துறையின் மிக மதிப்புள்ள மாநாடுகளில் ஒன்றில் சிறந்த கட்டுரைக்கான விருதைப் பெற்றது.

இதே மென்பொருளைக் கொண்டு 2004இல் அமெரிக்காவின் ஆறு பல்கலைக்கழகங்கள் ‘மெட்டா ஆர்க்கைவ்’ என்ற கூட்டுறவைத் தொடங்கின. எமரி, ஜார்ஜியா டெக், வர்ஜீனியா டெக், ஃபுளோரிடா ஸ்டேட், ஆபர்ன், லூயிவில். பெரும்பாலும் புயல் அடிக்கும் தென்பகுதிப் பல்கலைக்கழகங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள், கையெழுத்துப் பிரதிகள், பழைய புகைப்படங்கள் என்று உலகில் தங்களிடம் மட்டுமே இருந்தவற்றை ஒருவர் டிஸ்க்கில் ஒருவர் வைத்துக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் வாடகை தரவில்லை. முகம் தெரிந்த ஆறு பேர், ஓர் ஒப்பந்தம், அவரவர் டிஸ்க்.

வுவாலாவில் இல்லாதது என்ன, இங்கே இருந்தது என்ன? கணிதம் இரண்டிலும் நன்றாகத்தான் இருந்தது. இங்கே ஒவ்வொருவருக்கும் மற்றவர் யார் என்று தெரியும். போன் எண் தெரியும். அடுத்த வருடமும் அவர் அங்கேயே இருப்பார் என்பது தெரியும். ஆராய்ச்சியாளர்கள் பத்து ஆண்டு மல்லுக்கட்டிய ஏமாற்றுச் சிக்கலும் விலகிப்போகும் சிக்கலும் இந்த ஒன்றில் பெருமளவு கரைந்துவிடுகின்றன.

மதுரைக்கும் கோவைக்கும் நடுவில்

எனவே, நாம் தொடங்க வேண்டியதும் தெரிந்தவரிடமிருந்துதான். கோவையில் இருக்கும் அக்கா, மதுரையில் இருக்கும் தம்பி. இரண்டு வீட்டிலும் பைபர் இணைப்பு வந்துவிட்டது. 40 எம்.பி.பி.எஸ். வேகத்தில் மேலேற்றினால் அந்த 10 ஜி.பி. அரை மணி நேரத்தில் போய்ச் சேரும். 2003இல் சொன்ன தடை இன்று இரு வீட்டுக்கு நடுவே கிடையாது.

தேவையானவை: இரு வீட்டிலும் ஒரு டிஸ்க், அதை இணைக்கப் பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியோ. ஒரு வீட்டில் டிஸ்க்கும் கணினியும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் மாதத்துக்கு ஏழு யூனிட் சொச்சம் மின்சாரம். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். ‘ரெஸ்டிக்’, ‘போர்க்’, ‘கோபியா’ ஆகிய மூன்றுமே இலவசம், மூலநிரல் திறந்தவை. நம் ஊர் பிராட்பேண்ட் நிறுவனங்கள் பல, பொதுமுகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து நேராக ஒரு வீட்டுக் கணினியைக் கூப்பிட முடியாது. ‘டெயில்ஸ்கேல்’ போன்ற மென்பொருள் இரு வீட்டிலும் இருந்தால் அந்தத் தடையும் விலகும். கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தம்பி என் படங்களைப் பார்த்துவிடுவானே என்ற தயக்கம் வேண்டாம். ரெஸ்டிக் எடுத்த பேக்கப்பைத் தம்பி தன் டிஸ்க்கில் திறந்து பார்த்தால் என்ன தெரியும்? ‘டேட்டா’ என்றொரு ஃபோல்டர். அதற்குள் 256 ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் 64 எழுத்து நீளத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த பெயரோடு கோப்புகள். கல்யாண வீடியோ எது, வங்கிக் கணக்கு எது, எத்தனை படம் என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு கோப்பைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்துகள். கோவையை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லாம் பூட்டப்பட்டுவிட்டது. சாவி அக்காவிடம் மட்டும்.

அந்தச் சாவியில்தான் ஆபத்தும் இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத் தர எந்த நிறுவனமும் இல்லை, எந்த அவசர எண்ணும் இல்லை. அதை லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்து லேப்டாப் எரிந்துபோனால், மதுரையில் பத்திரமாக இருக்கும் அரை டி.பி.யும் குப்பைதான். காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ஒன்றை வங்கி லாக்கரிலும் இன்னொன்றை டிஸ்க் இல்லாத மூன்றாவது வீட்டிலும் வையுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ‘சின்க்’ செய்வதும் பேக்கப்பும் ஒன்றல்ல. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும் ஏற்பாடு, கை தவறிய நாளில் உங்களைக் காப்பாற்றாது. பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கும் மென்பொருள்தான் வேண்டும். அடுத்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்கள். 2017 மே மாதத்து வானாகிரை ஞாபகம் இருக்கும். அக்காவின் கணினியில் அது புகுந்தால், மதுரை டிஸ்க்கையும் தேடிப்போய் அழிக்கப் பார்க்கும். அதனால் மதுரைக் கணினியில், வெளியிலிருந்து சேர்க்கலாம் ஆனால் அழிக்க முடியாது என்று அமைத்துவிட வேண்டும். ரெஸ்டிக்கின் சர்வர் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது.

எல்லாம் செய்த பிறகு, திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரவு வேலையில் தவறான சர்வரில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் ஓடவேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நகல் இருக்க வேண்டிய இடம் காலி. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் கையால் எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இவ்வளவையும் மறைக்காமல் உலகறியச் சொன்னது, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்த நேர்மையால்தான் நமக்கு இந்த விவரங்கள் கிடைத்தன. வீட்டில் இதற்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை என்று ஏதாவது மூன்று நாளை வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து பத்துப் படங்களைத் திரும்ப இறக்கித் திறந்து பாருங்கள். ஆயுத பூஜைக்குத்தான் எப்படியும் கணினிக்குப் பொட்டு வைக்கிறோம்.

நம் அலமாரிகள்

வீட்டுப் படங்களைவிட எனக்குக் கவலை தருவது நம் சிறிய நூலகங்கள். ஒரே இடத்தில் இருந்ததால் போனது என்னவென்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. 1998இல் மதுரைத் திட்டமும் 2005இல் நூலகம் திட்டமும் தன்னார்வலர் கையால் தமிழ் நூல்களை இணையத்துக்குக் கொண்டுவரத் தொடங்கின. இவை பெரிய முயற்சிகள், உலகறிந்தவை. ஆனால், தாலுகா ஊர்களில், தனி மனிதர்கள் நடத்தும் நூலகங்களில், பழைய பள்ளிகளில், சிற்றிதழ்ச் சேகரிப்பாளர் வீட்டு மாடிகளில் இருப்பவற்றை யாரோ ஆர்வமுள்ளவர் ஸ்கேன் செய்து ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பார். அந்த டிஸ்க், அதே நூலகத்தின் அதே அலமாரியில் இருக்கும்.

அவற்றின் அளவும் கொஞ்சமல்ல. ஏ4 பக்கம் ஒன்றை வண்ணத்தில், 300 டி.பி.ஐ. தரத்தில், சுருக்காமல் வைத்தால் 26 எம்.பி. இருநூறு பக்கப் புத்தகம் 5 ஜி.பி.யைத் தாண்டும். ஒரு டி.பி.யில் 190 புத்தகங்கள்தான் அடங்கும். இதை வாடகைக் கிளவுடில் வைக்கச் சிறு நூலகத்தின் வருமானம் இடம் கொடுக்காது. சுருக்கிய பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. காகிதம் பொடிந்துபோன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது.

மெட்டா ஆர்க்கைவ் மாதிரி ஏழு நூலகங்கள் சேரட்டும். தலா 3 டி.பி. என்றால் மொத்தம் 21 டி.பி. 24 டி.பி. ஹார்டு டிஸ்க்குகள் இப்போது விற்பனைக்கு இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று வாங்கினால் ஏழு பேரிடமும் ஏழு பேருடையதும் இருக்கும். பதிப்புரிமை காலாவதியான நூல்களுக்குப் பூட்டும் வேண்டாம், பாஸ்வேர்டு தொலையும் பயமும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். உரிமை உள்ளவற்றை மட்டும் பூட்டலாம். யார் எதை எத்தனை வருடம் வைத்திருப்பார், ஒருவர் விலகினால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்று ஒரு பக்க ஒப்பந்தம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டிஸ்க்குகளிலும் உள்ளவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று மென்பொருளே ஒப்பிட்டுச் சொல்லும். முதல் நகலை டிஸ்க்காகவே கூரியரில் அனுப்பலாம். பிறகு வாராவாரம் சேரும் புதுப் பக்கங்கள் மட்டும் இணையத்தில் போகும்.

ஏழு பேர் சேரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு நூலகங்கள் ஒத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம். அதில் ஒன்று நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருந்தால், மற்றது தருமபுரிப் பக்கம் மேட்டு நிலத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.